பூமலையின் பெயர்ப்பலகைகள்

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நம் பெரியவர்கள் பூமலை என்றுதான் சொல்வார்கள். தமிழ்ச் செய்திகளில் இன்றைக்கும் அந்தப் பெயர் புழங்குகிறது. பெயரைக் கேட்டால் பூக்கள்தான் நினைவுக்கு வரும், ஆனால் நான் அங்கே போவது மரங்களுக்காக. மரங்களில் உள்ளங்கை அளவுக்குச் சின்னப் பலகை மாட்டியிருப்பார்கள். லத்தீன் பெயர், குடும்பம், சொந்த ஊர். பிரேசில், கயானா, மடகாஸ்கர், மேற்கு ஆப்பிரிக்கா என்று படித்துக்கொண்டே நடந்தால், ஒரு மணி நேரத்தில் பாதி உலகத்தைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

நான் வேலை செய்யும் இடத்தில் இயந்திரங்களுக்கும் இப்படிப் பலகை உண்டு. மாடல் எண், வரிசை எண், தயாரித்த நாடு. கூடவே அலமாரியில் ஒரு கோப்பும் இருக்கும். அந்த இயந்திரத்தை ஏன் வாங்கினார்கள், யார் கேட்டார்கள், எந்தச் சோதனையில் தேறியது என்பதெல்லாம் அதில்தான். பூமலை மரங்களுக்கும் அப்படியொரு கோப்பு இருக்கிறது. மரத்தில் மாட்டவில்லை, அவ்வளவுதான். அதைப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அந்த இடம் வெறும் பூங்காவாகத் தெரிவதில்லை. உலகத்து மரங்களையெல்லாம் கொண்டுவந்து எது காசு தரும் என்று பார்த்த சோதனைக்கூடமாகத் தெரிகிறது. அந்தச் சோதனைகளில் ஒன்று நன்றாகவே தேறியது. என் குடும்பம் இந்தப் பக்கம் கப்பலேறியதற்கு அதுதான் காரணம்.

ஆரம்பத்திலிருந்தே நோக்கம் அதுதான். இப்போதிருக்கும் பூமலை 1859இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1822இல், ராஃபிள்ஸ் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு தோட்டம் போட்டார். கல்கத்தா தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த நத்தேனியல் வாலிச் அதற்கு யோசனை சொன்னவர். அங்கே நட்டது ஜாதிக்காயும் கிராம்பும். டச்சுக்காரர்கள் கையில் இருந்த வாசனைப் பொருள் வியாபாரத்தைப் பிடுங்க முடியுமா என்று பார்த்தார்கள். பணம் ஒதுக்க ஆளில்லாமல் 1829இல் அந்தத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். பிறகு தனியார் ஜாதிக்காய்த் தோட்டங்கள் தீவில் பரவி, நோய் வந்து அழிந்தன. அந்தத் தோட்டங்களின் மிச்சம்தான் ஆர்ச்சர்ட் ரோடு என்ற பெயர். இன்று அங்கே கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்கு ஜாதிக்காய் வாசனை எட்டாது.

1859இல் ஒரு விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் தங்ளின் பகுதியில் பூங்காவைத் தொடங்கியது. அப்போது அது பணக்காரர்கள் மாலையில் உலாவ, பேண்டு வாத்தியம் கேட்க ஒரு இடம். சங்கத்துக்குக் கட்டுப்படியாகாமல் 1874இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஜேம்ஸ் மர்ட்டன் வந்தார். அங்கிருந்துதான் கதை மாறுகிறது. கியூ நடுவில் இருக்க, கல்கத்தா, இலங்கையின் பேராதனை, ஜமைக்கா, சிங்கப்பூர் எல்லாம் ஒரே வலையின் முடிச்சுகள். ஒரு முடிச்சில் விதை போட்டால் இன்னொரு முடிச்சில் முளைக்கும். 1879இல் பூமலையின் வடக்குப் பக்கம் பொருளாதாரத் தோட்டம் என்றே பெயர் வைத்து ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். மறைக்கவெல்லாம் இல்லை, நேராகவே சொல்லிவிட்டார்கள்.

ரப்பருக்குப் போவதற்கு முன் ஒரு உள்ளூர் மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு இந்த மரத்தின் மேல் ஒரு கடன் இருக்கிறது. மலாய்க்காரர்கள் தாபான் என்று சொல்லும் மரம். அதன் பால்தான் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். காடு வெட்டும் பாராங் கத்திக்கு இதில் பிடி செய்வார்கள். சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே இது மின்சாரத்தைக் கசியவிடாத அருமையான பொருள் என்று எழுதினார். அப்போது தந்திக் கம்பியைக் கடலுக்கடியில் எப்படிக் கொண்டுபோவது என்று ஐரோப்பா தவித்துக்கொண்டிருந்தது. கடல் தண்ணீரில் கெடாத உறை கிடைத்துவிட்டது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கம்பி போனது. 1866இல் அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. நம் ஆட்களை ஏற்றிவந்த கப்பல்களின் பாதையும் ஏறக்குறைய இதுவேதான். மேலே கூலிகள் வந்தார்கள், கீழே கூலி கேட்கும் தந்தி போனது.

ஆனால் தாபான் மரத்தைக் கீறினால் பால் ஓடிவராது. உள்ளே தனித்தனிக் குழாய்களில் அடைபட்டு நிற்கும். ஆகவே மரத்தையே சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாக வெட்டி எடுத்தார்கள். பல பத்தாண்டு வளர்ந்த மரம் ஒரே ஒரு அறுவடையோடு முடிந்தது. உலகத்தின் கடலடிக் கம்பிகளுக்கெல்லாம் உறை கொடுத்த மரம், சிங்கப்பூரில் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. நான் படித்த உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் காப்புப் பொருள்கள் பற்றி ஒரு பாடமே இருந்தது. பாலிஎத்திலீனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்த மரம் இதே தீவில் இருந்தது என்று யாரும் ஒரு வரி சொல்லவில்லை.

இப்போது பால்மரம். பலகையில் ஹேவியா பிரேசிலியென்சிஸ் என்று போட்டிருக்கும். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றிக் கியூவுக்குக் கொண்டுபோனார். விதை திருட்டு என்று இதைச் சொல்வார்கள். விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்குப் பிரேசிலில் சட்டம் எதுவும் இல்லை. ஆகவே சட்டப்படி திருட்டு இல்லை. நியாயப்படி என்ன என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். விக்கமுக்குப் பின்னாளில் சர் பட்டம் கொடுத்தார்கள். ரப்பர் விதை எண்ணெய்ப் பசை உள்ளது, சில வாரங்களில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். 70,000த்தில் முளைத்தது ஏறக்குறைய 2,700. பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 11ஐ மர்ட்டன் பூமலையில் வைத்துக்கொண்டார். 9 கன்றுகள் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ இருந்த கோலகங்சாருக்குப் போயின.

மரம் வளர்ந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் சும்மாவே நின்றது. 1888இல் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி பூமலைக்கு இயக்குநராக வந்தார். அவர் செய்ததை ஒரு பொறியாளராகப் பார்க்கும்போது எனக்கு உண்மையான மரியாதை வருகிறது. அமேசானில் சின்னக் கோடாரியால் மரத்தைக் கொத்துவார்கள். கொத்து கட்டைவரை இறங்கும், மரம் முடிச்சு முடிச்சாகப் புண்ணாகிவிடும். ரிட்லி பட்டையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளரும் படலத்தைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளர்ந்துவிடும். அதே வெட்டுவாயை அடுத்தடுத்து மெல்லச் சீவினால் பால் குறைவதற்குப் பதிலாகக் கூடும். மரத்துக்குக் காயம் பழகிப்போகிறது. அதிகாலையில் வெட்டினால் அதிகப் பால். மீன்முள் போலச் சரிவாக வெட்டினால் பால் நடுக்கோட்டுக்கு வந்து கீழே இறங்கும். இதெல்லாம் 1890களில் பூமலையில், அந்த ஒரு சில மரங்களில் கண்டுபிடித்தவை. தாபானைக் கொன்றுதான் பால் எடுக்க முடிந்தது. பால்மரத்தைக் கொல்லாமல் தினமும் கறக்கலாம்.

தோட்டத் துரைமார்கள் கேட்கவில்லை. அவர்களுக்குக் காப்பிதான் உயிர். ரிட்லி பைநிறைய விதையை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நடச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வந்தது. மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீன வியாபாரி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சத்தில் நட்டார். அப்புறம் காப்பி விலை சரிந்தது, மோட்டார் கார் வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனது. பைத்தியம் என்றவர்கள் விதைக்கு வரிசையில் நின்றார்கள். 1917க்குள் பூமலை கொடுத்த விதைகள் 70 லட்சத்துக்கும் மேல். 1920 வாக்கில் உலக ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து. ரிட்லி 100 வயதைத் தாண்டி 1956இல்தான் இறந்தார். தன் சோதனை என்னவெல்லாம் செய்தது என்பதை முழுசாகப் பார்த்துவிட்டுப் போன ஒருசிலரில் அவரும் ஒருவர்.

பூமலை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபோது இந்த ரப்பர் ஆராய்ச்சியைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தக் கதை எப்போதும் வெட்டுக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டைத் தினமும் 300, 400 மரத்தில் போட்டது யார் என்ற கேள்வி வருவதில்லை.

போன வருடம் பாட்டியைப் பூமலைக்குக் கூட்டிப்போனேன். பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பதினான்கு வயதிலிருந்து மரம் வெட்டியவர். பலகையைப் படித்து இது பால்மரம் என்று நான் சொன்னேன். பாட்டி நம்பவில்லை.

"போ கண்ணு. இவ்ளோ ஒசரம் எங்க இருக்கும் பால்மரம்?"

"பலகையில போட்டிருக்கு பாட்டி."

பக்கத்தில் போய் அடிமரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சுற்றிவந்து அந்தப் பக்கமும் பார்த்தார். "வெட்டே போடலயே" என்றார். முப்பது வருடம் பால்மரத்தோடு இருந்த மனுஷி வெட்டுப் படாமல் முழுசாக வளர்ந்த பால்மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். அது எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்க யாரும் விடுவதில்லை.

அப்புறம் பேச்சு தானாக வந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போவது, பேர் கூப்பிடுவது, நிரை பிடிப்பது, மழையில் பட்டை நனைந்திருந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பது, காய்ந்த கட்டிப்பாலை உரித்துத் தனியாக எடுப்பது. "கத்தி கொஞ்சம் ஆழமா எறங்கிச்சுன்னா மரத்துக்குக் காயம். மண்டோர் வந்து எண்ணுவான், எத்தன காயம்னு." எவ்வளவு ஆழம் போகலாம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாட்டி என்னை விநோதமாகப் பார்த்தார். "கைக்குத் தெரியும்" என்றார். ரிட்லி எழுதிவைத்த விஷயம்தான் அது. வளரும் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்னால் கத்தி நிற்க வேண்டும், இருட்டில், ஒரு மரத்துக்கு அரை நிமிஷத்தில். இன்று இதை ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை நான் அடிக்கடி யோசிப்பேன். பால்மரத்துக்கு அதன் சொந்த ஊரில் ஒரு கொடிய இலைக்கருகல் நோய் உண்டு, பூஞ்சையால் வருவது. காட்டில் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்பதால் தப்பித்துக்கொள்ளும். வரிசையாக நட்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி எல்லாவற்றையும் மொட்டையாக்கிவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு நகரமே கட்டி ரப்பர் நட்டுப் பார்த்தார். முக்கியமாக இந்த நோயால் தோற்று, 1945இல் விட்டுவிட்டுப் போனார். ஆசியாவுக்கு விதை வந்தது, நோய் வரவில்லை. மலாயா ரப்பரின் வெற்றிக்கு இதுவும் பெரிய காரணம்.

மரம் தன் எதிரியைப் பின்னால் விட்டுவிட்டு வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வந்த மனிதர்களுக்கு இங்கே புது எதிரி காத்திருந்தது. மலைச்சரிவில் காட்டை அழித்தால் ஓடைகளில் வெயில் விழும். வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீரில்தான் இங்கே மலேரியா பரப்பும் ஒரு கொசு முட்டையிடும். காடாக இருந்தவரை அதற்கு அங்கே வேலையில்லை. ரப்பர் நடக் காடு வெட்டிய இடமெல்லாம் காய்ச்சல் வந்தது. கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இலிருந்து வடிகால் வெட்டிக் கட்டுப்படுத்தப் பாடுபட்டார். அதற்குள் எத்தனை லயங்கள் காலியாயின என்பது வேறு கணக்கு. ஆள் குறைந்தால் கங்காணி ஊருக்குப் போய் இன்னும் கூட்டிவருவான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது, கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆள் அனுப்பும் வழி திறந்தே இருந்தது.

1942இல் ஜப்பான்காரன் வந்தான். பூமலைக்கு ஷோனான் தாவரவியல் பூங்கா என்று பெயர் மாறியது. ஆச்சரியம் என்னவென்றால், அங்கே வேலை பார்த்த ஆங்கிலேய விஞ்ஞானிகள் கார்னர், ஹோல்ட்டம் இருவரையும் ஜப்பானிய விஞ்ஞானிகள் சிறையில் அடைக்காமல் வேலையைத் தொடரவிட்டார்கள். உலர்த்திவைத்த இலைகளும் பூக்களும் புத்தகங்களும் பத்திரமாக இருந்தன. விஞ்ஞானத்தின் மேல் இரண்டு பக்கமும் வைத்திருந்த மரியாதை என்று இதை மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன். அதே சமயம் ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் நின்றுபோயிருந்தன. வேலையில்லாத தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பூமலையில் அட்டையில் ஒட்டிய ஒவ்வொரு இலைக்கும் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் யார் எல்லாம் எழுதியிருக்கும். ரயில்பாதையில் செத்த தோட்டக்காரர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. எத்தனை பேர் என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு.

உள்ளூர் மரம், வெளியூர் மரம் என்று இப்போது நிறையப் பேசுகிறோம். சொந்த இனங்களைத்தான் நட வேண்டும் என்று சூழலியல் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூமலையில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் குழப்பம் வருகிறது. சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும் சாலையில் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம்தான் பலருக்குச் சிங்கப்பூரின் முகம். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1870களில் வந்தது. நாகலிங்க மரத்தின் கதை இன்னும் வேடிக்கை. பூமலையில் அதன் பலகையில் தென் அமெரிக்கா என்று போட்டிருக்கும், கயானாவின் பெயர் அதன் லத்தீன் பெயரிலேயே இருக்கிறது. 1775இல் ஓப்லே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்துதான் அதை விவரித்து எழுதினார். நமக்கோ அது சிவன் கோயில் மரம். நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த நாகம், சுற்றிலும் முனிவர்கள். பாட்டி கீழே விழுந்துகிடந்த ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பலகையைப் படித்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், சொல்லவில்லை. இலங்கையில் பௌத்தர்கள் இதே மரத்தைப் புத்தரோடு சேர்ந்த சால மரமாக வணங்குகிறார்கள். கடவுளாவதற்குக் குடியுரிமை தேவைப்படவில்லை. நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளிப் போய்ச்சேர்ந்ததை நினைத்தால் மரமாக வந்திருக்கலாமோ என்று தோன்றும்.

பொருளாதாரத் தோட்டத்தின் ஒரு பகுதியை 1920களில் எடுத்து ராஃபிள்ஸ் கல்லூரி கட்டினார்கள். சோதனை முடிந்துவிட்டது, இடம் தேவைப்படவில்லை. முதலில் வந்த 11 மரங்களும் இன்று பூமலையில் இல்லை. கோலகங்சாருக்குப் போன ஒன்பதில் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு வெளியே வரும் வழியில் ஒரு செம்பனையையும் பார்த்தோம். பாட்டிக்கு அதற்குப் பலகை தேவைப்படவில்லை. மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன, அவற்றின் வாரிசுகள்தான் பிறகு இந்தப் பகுதி முழுக்கப் பரவின. மலாயாவில் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று நட ஆரம்பித்தார்கள். ரப்பர் விலை இறங்கிய காலத்தில் தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தைச் சாய்த்துவிட்டு இதை நட்டார்கள். தினமும் போய் வெட்ட வேண்டியதில்லை, பழுத்தால் போதும். பாதி ஆள் போதும்.

"எங்க நெரயில இதத்தான் வச்சான்" என்றார் பாட்டி. பிறகு கீழே கிடந்த ஒரு பழத்தைக் காலால் புரட்டிப் பார்த்து, "நல்லாப் பழுத்துருக்கு, யாரும் பொறுக்கல போல" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.